கெளுத்தி குத்தாத கட்டைவிரல்

என் மகனுக்கு,

இதில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே எழுதப் போகிறேன். நைனாவுக்குக் கோபம் வரும் இடத்தையும் விடமாட்டேன், அம்மா என்னை விரட்டிய இடத்தையும் விடமாட்டேன். நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை; பத்தாம் வகுப்புதான் படிக்கிறேன். ஆனால் நீ வளர்ந்து பெரியவனாகி, வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். பெற்றவர்கள் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களைப் பள்ளிக்கூட நூலகத்தில் படித்திருக்கிறேன். அவர்கள் எல்லாருமே வயதான பிறகு உட்கார்ந்து எழுதியவர்கள். அதற்குள் பாதி மறந்துபோயிருக்குமே என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அதனால் நான் முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ மகளாகவும் இருக்கலாம்தான். ஆனால் நைனாவுக்கு வந்திருக்கும் இந்த மாதிரிக் கால் வீக்கம் ஆண்களுக்குத்தான் அதிகம் வரும் என்று டாக்டரம்மா இன்று காலை சொன்னதால், மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். மகளாக இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் படி. பிரஷர் ஆண் பெண் பார்ப்பதில்லை என்றும் அதே டாக்டரம்மாதான் சொன்னார்.

இது எண்பத்திரண்டாம் வருடம், ஆவணி மாதம். பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வராந்தாவில், பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பக்கத்தில் நைனா வலது காலை அம்மா மடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நைனா என்றால் என் அப்பா, உனக்குத் தாத்தா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். எதிர்ச் சுவரில் சாய்ந்து நிற்கிறவர் அம்மாவின் தம்பி, என் மாமா. எங்களைத் தன் படகில் பழவேற்காடு வரை கொண்டுவந்து, பிறகு நைனாவை முதுகில் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றியவர் அவர்தான். நைனாவின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று தெரிய மதியம் ஆகுமாம். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பரீட்சை முடிவுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரை மாதத்தில் நைனாவுக்குப் பின்மண்டை வலித்துக்கொண்டே இருந்தது. பழவேற்காட்டில் ஒருவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, ரத்தக்கொதிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். அதில் ஒன்று சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் மாத்திரை. படகில் போகும்போது நைனா அடிக்கடி ஓரத்துக்குப் போக, மாமா சும்மா இருப்பாரா? "மச்சான், ஏரியில தண்ணி கொறைஞ்சி போச்சேனு ஊரே கவலப்பட்டுச்சு. இனிமே அத நீ பாத்துக்குவே" என்றார். இந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நைனாவுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார், தலைவலியும் போனது.

பிறகு ஆடி மாதக் கடைசியில், காட்டூரில் நைனாவின் சிநேகிதர் வீட்டு விருந்து. ஈரல் வறுவல், தலைக்கறி, கள் எல்லாம் இருந்தது. நைனா அங்கேயே தங்கி மறுநாள்தான் வந்தார். அதற்கும் அடுத்த நாள் விடியும்போது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. லுங்கி ஓரம் பட்டால்கூடக் கத்தினார். விரல்மேல் ஒரு ஈ உட்கார்ந்ததற்கு அவர் திட்டிய திட்டை மட்டும் எழுத முடியாது. உண்மையைச் சொல்வதாகச் சொன்னேன், ஆனால் இது பள்ளிக்கூட நோட்டு.

"கெளுத்திதான். வேற இன்னா?" என்றார் நைனா. வந்திருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நீ வேறு ஊரில் வளர்ந்தால் இது உனக்குத் தெரியாது: கெளுத்தி மீனின் முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் முள் உண்டு. சேற்றில் காலால் தடவிப் போகிறவர்களை அது குத்தினால் விஷம் ஏறி வீங்கும். எங்கள் ஊரில் கால் வீங்கினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஏரியில் இறங்குகிறவன் கால் வீங்கினால் அது கெளுத்தி, அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நைனா, நீ ரெண்டு நாளா தண்ணிலயே எறங்கலையே" என்றேன். "அதுக்கு முன்னாடி குத்தினது இப்ப வேல காட்டுது, பாப்பா. விஷம் நின்னு நிதானமாத்தான் ஏறும்" என்றார். அறிவியல் கண்காட்சியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து விரலைச் சுற்றிலும் பார்த்தேன். முள் போன துளை எங்குமே இல்லை. முள் குத்தினால் துளை இருக்க வேண்டாமா? "வெரல வெச்சா பரீச்ச எழுதப் போற? போயி தண்ணி காய வைடி" என்று அம்மா விரட்டினாள். எனக்குப் பயமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு துடிப்பு. ஊரே ஒன்றைச் சொல்கிறது, என் கண் வேறொன்றைச் சொல்கிறது! உனக்கும் அப்படி ஒரு நாள் வரும். அப்போது இன்னொரு முறை பார்த்துவிட்டு, பார்த்ததைச் சத்தமாகச் சொல். நான் மெதுவாகச் சொன்னேன், அதனால் யாரும் கேட்கவில்லை.

கெளுத்தி குத்தியவனை ஊரில் மாப்பிள்ளை மாதிரி கவனிப்பார்கள். உடம்பில் தெம்பு இருந்தால்தான் விஷம் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை. அம்மா காலையில் நண்டு ரசம் வைத்தாள். மத்தியானம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, ராத்திரி இறால் தலையை இடித்துப் பிழிந்த சாறு. அக்கம்பக்கத்திலிருந்தும் கிண்ணம் கிண்ணமாக வந்தது. வலி மறக்க மாமா கொஞ்சம் கள்ளும் கொண்டுவந்தார். கூடவே, ரெண்டு மருந்து ஒரே உடம்பில் போனால் சண்டை போட்டுக்கொள்ளும் என்று சொல்லி, பிரஷர் மாத்திரையை நைனா நிறுத்திவிட்டார். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். நண்டு ரசத்தின் பெருமையை அம்மா தெருவெல்லாம் சொன்னாள். ஆனால் போன திங்கட்கிழமை அது திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட மோசமாக. இந்த முறை நைனா டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், இன்று சாயங்காலம் எங்கள் பாடு.

பாடு என்றால் ஏரியில் இறால் ஓடும் வழியில் வலை கட்டுகிற முறை. ஊர் ஆண்கள் எல்லாருக்கும் வரிசைப்படி ஒவ்வொரு முறை வரும். இன்று தவறவிட்டால் வரிசை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இது இறால் நன்றாக விழும் நேரம் வேறு. நீரோட்டத்தில் நின்று கழி ஊன்ற வேண்டும், பாரமான வலையை இழுக்க வேண்டும். அதற்குக் கால் வேண்டும். "சாயங்காலத்துக்குள்ள இந்த வெரல மட்டும் சரி பண்ணிக் குடுங்கம்மா, போதும்" என்றுதான் நைனா டாக்டரம்மாவிடம் பேச்சையே ஆரம்பித்தார்.

டாக்டரம்மா கண்ணாடி போட்ட, சின்ன உருவமான பெண். விரலை ஒரே ஒரு முறை பார்த்தார். "முள்ளு எங்க?" என்றார். நான் துள்ளி எழுந்துவிட்டேன். "துளையே இல்ல டாக்டர், நான் லென்ஸ் வெச்சுப் பாத்தேன்!" என்றேன். "அப்படியா, நல்லா பாத்திருக்கே" என்று சொல்லிவிட்டு நைனாவின் கையில் பட்டையைச் சுற்றினார். காற்றடித்துப் பார்த்தவர், மறுபடியும் பார்த்தார். "மாத்திரை சாப்பிடறீங்களா?" நைனா மின்விசிறியைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். "சரி. உங்க அப்பாவுக்கு இப்படிக் கால் வீங்குமா?"

"எங்க நைனாவா? உசுரோட இருந்த வரைக்கும் அவர ஓயாம குத்தும்மா. இதே வெரலுதான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உங்க குடும்பத்துக் கட்டைவிரல் மேல மட்டும் கெளுத்திக்கு அப்படி என்ன கோபம்?"

மாமாவும் சிரித்தார். ஆனால் டாக்டரம்மா அடுத்துக் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. "அவர் எப்படி இறந்தார்? நெஞ்சு வலின்னு சொன்னாரா? மூச்சு வாங்குச்சா? பிரஷர் இருந்துதா?" நைனா யோசித்து யோசித்துப் பார்த்தார். "வல இழுத்துனு இருந்தாரு. வேர்த்துது. வல மேலயே சாஞ்சிட்டாரு. காத்து கருப்பு அடிச்சிருச்சுனு சொன்னாங்க. எனக்கு அப்ப மீசகூட மொளைக்கல." அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. ஒரு மனிதர் வாழ்ந்து செத்திருக்கிறார்; அவர் பேரனுக்கோ பேத்திக்கோ உதவும்படி ஒரு வரிகூட யாருக்கும் தெரியவில்லை. மகனே, இந்தக் கடிதத்துக்குக் காரணம் அந்தக் கேள்விதான். உன்னிடமும் ஒரு நாள் ஒரு டாக்டர் அதைக் கேட்பார். நீ மின்விசிறியைப் பார்க்கக் கூடாது.

கூப்பிடுகிறார்கள். ரத்தம் பார்த்தாயிற்றாம். வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது! யூரிக் ஆசிட். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நம் உடம்பிலும் நாம் தின்பதிலும் இருக்கும் சில பொருட்கள் சிதையும்போது உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாமல் ரத்தத்தில் மிஞ்சினால், ஊசி ஊசியாக உப்பு மாதிரி மூட்டில் போய்ப் படியும், பெரும்பாலும் முதலில் கால் கட்டைவிரலில். ஆக முள் இருந்தது, உள்ளேயே விளைந்த முள்! ஈரல், நெத்திலி, நண்டு, இறால், கள் எல்லாம் அதைக் கூட்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, எல்லாத்தையும் நானே ஊட்டி உட்டேனே!" என்றாள். "வேணும்னா ஊட்டினீங்க? சாப்பாடு மட்டும் காரணமில்லைம்மா. பரம்பரையாவும் வரும். பிரஷரால சிறுநீரகம் களைச்சாலும் வரும். அந்தத் தண்ணி மாத்திரையும் கொஞ்சம் கூட்டும். நான் அதை மாத்தி எழுதறேன். ஆனா நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது. விரல் வலிக்கும், அதனால தெரியும். பிரஷர் வலிக்காது. வலிக்கலைங்கிறதுக்காக அது போயிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க" என்றார்.

நான் கை தூக்கினேன், வகுப்பு என்று நினைத்துக்கொண்டு. "டாக்டர், வெரல்ல இருக்கிறது வெரலோட போயிடாதா? நெஞ்சப் பத்தி ஏன் கேட்டீங்க?" அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிரஷர் இருக்கிறவர்களில், யூரிக் ஆசிட்டும் கூட இருப்பவர்களுக்கு இதய நோய் அதிகமாக வருவதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்களாம். "யூரிக் ஆசிட்டே இதயத்தைக் கெடுக்குதா, இல்ல உள்ள ஏதோ கெட்டுப்போறதுக்கு அது ஒரு அடையாளமான்னு கேட்டா, எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை நடக்குது. எனக்கும் தெரியாது. ஆனா ரெண்டும் சேர்ந்திருக்கிற ஆளை நான் சும்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்." மகனே, எனக்கு ரோமம் சிலிர்த்தது. புத்தகத்தில் இருப்பதெல்லாம் முடிந்துபோன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்று எங்கள் நைனாவின் கட்டைவிரலில் இருக்கிறது! நீ இதைப் படிக்கும் காலத்தில் அந்தச் சண்டை முடிந்திருக்கலாம். யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு வந்து சொல்.

"இ.சி.ஜி. எடுக்கணும். படம் எடுக்கிறவர் சாப்பிடப் போயிருக்கார், வந்துடுவார்" என்று எங்களை மறுபடியும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார் டாக்டரம்மா. நைனா எழுந்தே விட்டார், ஒற்றைக் காலில். "அதெல்லாம் அப்புறம்மா. இப்ப வர பஸ்ஸ உட்டா படகு புடிச்சி போயி சேர முடியாது. இன்னிக்கு எங்க பாடு."

"இந்தாய்யா, உக்காரு" என்றாள் அம்மா. "உக்காந்தா யாரு போவாங்க, நீ போவியா?" என்றார் நைனா. மாமா குறுக்கே வந்தார். "நான் போறேன் மச்சான். உன் மொறைய நான் எடுத்துக்கறேன், எனக்கு வரப்போ நீ எடுத்துக்க. ஊர்ல நான் சொல்லிக்கிறேன்." நைனா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், உன்னுது எப்ப வருதுனு எனக்குத் தெரியாதா? அப்ப ஏரியில எறாலு எங்கடா இருக்கும்? தவக்களதான் இருக்கும். ஆஸ்பத்திரில வெச்சு என்னாண்டயே யாவாரம் பண்றியா?" பக்கத்து பெஞ்சில் இருந்த ஆயா ஒருத்தி பொக்கை வாயால் சிரித்தாள். "வெரலுக்கு மாத்திர குடுத்தாச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று நைனா சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். டாக்டரம்மா, "நெஞ்சுல ஏதாவது தொந்தரவு இருந்துதா, உண்மையைச் சொல்லுங்க" என்று கேட்டதற்கு, "இரும்பு மாதிரி இருக்கும்மா" என்று மார்பைத் தட்டிக் காட்டினார்.

நான் பயந்த இடம் இதுதான். ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். முதல் வீக்கம் வடிந்து அவர் நடமாடிய அந்தப் பத்து நாளும், நானும் நைனாவும் கரைமேட்டில் நடந்து வரும்போது அவர் நின்றுவிடுவார். இடுப்பில் கை வைத்து, ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னா நைனா?" என்றால், "பூநாரை பாக்கறேன், நீ போ" என்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வருவார். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பூநாரை பார்ப்பார்கள். நைனா பிறந்ததிலிருந்து அவற்றுக்கு நடுவில் இருக்கிறார். ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அதைவிட, அந்த நாட்களில் ஏரியில் ஒரு பூநாரையும் இல்லை. நான் கண் கூசக் கூசத் தேடினேன், வெறும் தண்ணீர்தான். அவர் நெற்றியில் மட்டும் வேர்வை. இதைச் சொன்னால் நைனா எல்லார் முன்னாலும் பொய்யராகிவிடுவார். சொல்லாவிட்டால் அவர் இன்று சாயங்காலம் நீரோட்டத்தில் நின்று வலை இழுப்பார், அவருடைய நைனா இழுத்த மாதிரியே.

இந்த முறை சத்தமாகவே சொன்னேன். "டாக்டர், நைனா நடக்கும்போது நிக்கிறாரு. பூநாரை பாக்கறேன்னு சொல்றாரு. ஆனா பூநாரை ஒண்ணுகூட இல்ல."

நைனா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். டாக்டரம்மா குரலை இறக்கி, "நிக்கும்போது என்ன பண்ணுது?" என்று கேட்டார். நைனா மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். போட்ட பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். "கல்லு வெச்சாப்புல இருக்கும்மா. இங்க, நடுவுல. நின்னா போயிடும். வயசாவுதுனு நெனச்சேன்." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே, பாவி மனுசா!" என்று அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

உன்னிடம் கேட்பது இதுதான். உனக்கு எதுவும் வலிக்காதபோதே வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷர் பார்த்துக்கொள். கால்விரல் வீங்கினால் செருப்பைக் குறை சொல்லாதே, ரத்தத்தைப் பார்க்கச் சொல். உன் தாத்தாவுக்கும் அவர் அப்பாவுக்கும் இது இருந்தது என்று சொல். உன் பிள்ளை பக்கத்தில் நடக்கும்போது நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருந்தால், பறவையைக் காட்டாதே. அந்தப் பிள்ளையிடம் சொல். சின்னப் பிள்ளை என்று நினைக்காதே. அது ஏற்கெனவே உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

படம் எடுக்கிறவர் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்துவிட்டார். நைனா மாமாவைக் கூப்பிட்டார். "டேய், போ. பஸ் போயிடப் போவுது. நம்ம பாட்ட நீயே எடு. வடக்குக் கழிய ஆழமா ஊனு, அங்க இழுப்பு சாஸ்தி. தவக்கள மொறைய நான் பாத்துக்கறேன்." மாமாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, வேறெதுவும் செய்யவும் முடியவில்லை. சரி மச்சான் என்று சொல்லிவிட்டு ஓடினார். நைனா என் தலையில் கை வைத்தார். அதில் ஊன்றிக்கொண்டுதான் நொண்டி நொண்டி அந்த அறைக்குள் போனார். "கண்ணா அது உனக்கு, இல்ல தூண்டிலா?" என்றார்.

இப்போது நான் அறை வாசலில் நின்று, கதவின்மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். நைனா சட்டையில்லாமல் மல்லாந்து படுத்திருக்கிறார். கை கால்களில் பட்டை கட்டி, மார்பில் ஏதோ பசை தடவி, கிண்ணி மாதிரி ஒன்றை ஒட்டவைத்திருக்கிறார்கள். "கூச்சமா இருக்குதுப்பா" என்கிறார். இயந்திரத்திலிருந்து காகிதம் நகர ஆரம்பித்தது. கோடு புல் முளைத்த மாதிரி நடுங்கிக்கொண்டே வர, நைனா கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்துவிட்டார். "இன்னாய்யா இது, என் நெஞ்சு இப்பிடியா ஆடுது?" என்று கேட்டார். "ஒங்க நெஞ்சு இல்லங்க, சொவத்துல ஓடற கரண்டு. ஃபேன், லைட்ட மொதல்ல நிறுத்துவோம். அப்புறம் வர்றதுதான் ஒங்க நெஞ்சு. பேசாம படுங்க" என்றார் அவர். அம்மா நைனாவின் விரலைத் தொடாமல் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மின்விசிறி நின்றுவிட்டது. நைனா வாயை மூடிக்கொண்டு, என் பக்கம் பார்த்துக்கொண்டு, அசையாமல் படுத்திருக்கிறார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.